மூன்றாவது முள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆணையம் இருக்கிறது. 'விற்பனைப் பொருட்களால் விளையும் தீங்குகளுக்கான பொறுப்பு நிர்ணய ஆணையம்' என்பது அதன் முழுப் பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால் கடைசி இரண்டு சொற்களை மூலை திரும்பிப் பக்கவாட்டுச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள் உங்களைச் சுட்டாலோ வெட்டினாலோ வெடித்தாலோ, அதற்கு யார் பொறுப்பு என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை. ஆணையம் திறந்த நாளிலிருந்து ஒருவரும் பொறுப்பாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. இதை அவர்கள் குறையாக நினைக்கவில்லை. மாவட்டத்தில் விற்கும் பொருட்கள் எவ்வளவு தரமானவை என்பதற்கு இதுவே சான்று என்று ஆண்டறிக்கையில் எழுதி, அதற்கு ஒரு கேடயமும் வாங்கி, கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கேடயத்துக்கு எதிரில் போட்டிருந்த பெஞ்சில் கீரப்பாளையம் பொன்னியும் அவள் புருஷன் திருநாவுக்கரசும் வந்து உட்கார்ந்தார்கள். திருநாவுக்கரசு சரக்கு வேன் ஓட்டுகிறவன். பொன்னி வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி, சிதம்பரத்தில் டிபன் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டியது 'மாவரசி சுப்ரீம்' என்ற கிரைண்டரில். ஒரு நாள் காலை ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரின் ஸ்டீல் விளிம்பைப் பிடித்து மாவை உள்ளே தள்ளினாள். கரண்ட் அவளைப் பிடித்துக்கொண்டது. திருநாவுக்கரசு ஓடிப்போய் மெயினை அணைத்த பிறகுதான் விட்டது. சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் இருக்கிறது, ஆனால் விரல்கள் மடங்குவதில்லை. தலைமுடியைப் பின்னுவதற்கும் புடவைக் கொசுவம் வைப்பதற்கும் இப்போது அவளுக்கு ஆள் வேண்டும்.

முதலில் அவர்கள் கிரைண்டர் வாங்கிய மேலவீதிக் கடைக்குத்தான் போனார்கள். கடைக்காரர் சோடா வாங்கிக் கொடுத்து, ரொம்ப வருத்தப்பட்டு, கடைசியில் சொன்னார்: "நான் பெட்டி விக்கிறவம்மா. உள்ளார இருக்கறது எனக்கு என்னா தெரியும்? பெட்டி நசுங்கியிருந்தா சொல்லுங்க, இப்பவே மாத்தித் தரேன்."

அதன் பிறகுதான் ஆணையம். அங்கே இருந்த எழுத்தர் பொன்னியிடம் கேட்டார்.

"உங்களுக்கு என்ன நிவாரணம் வேணும்?"

"அந்த மெசினு இனிமே எந்த வூட்டுக்கும் போவக் கூடாது சார். வித்ததையும் திருப்பி எடுத்துக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அது இங்க கிடைக்காதும்மா. அது மத்தவங்க பிரச்சினை. உங்க பிரச்சினைக்கு எதாவது கேளுங்க."

"மத்தவங்க கை போவறதுக்கு முன்னாடி கேட்டாத்தான சார் ஆவும்?"

"போனதுக்கு அப்புறம் அவங்களே வந்து கேப்பாங்க. அதுக்குத்தான ஆணையம் இருக்கு?"

நான் இதைக் கற்பனை செய்து சொல்வதாக நீங்கள் நினைக்கலாம். அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், ஆணையத்துக்கும் அதுதான் பிடிக்கும். பொன்னி கேட்டதை மாற்றிக்கொள்ளாததால் எழுத்தர் 'இதர' என்று போட்டு மனுவை எடுத்துக்கொண்டார்.

முதல் விசாரணைக்கு ஆணையர் வைத்திலிங்கம் வந்து உட்கார்ந்தார். பேசுவதற்கு முன்பு தொண்டையைச் செருமி, தன் குரல் மைக்கில் சரியாக விழுகிறதா என்று கேட்டுச் சந்தோஷப்படுகிறவர். மாவரசி நிறுவனத்துக்கு ஜெயப்பிரகாஷ் என்ற வக்கீல் வந்திருந்தார். கோபமே வராத மனிதர். திருநாவுக்கரசைப் பார்த்ததும் கூடப் பிறந்தவனைப் பார்த்ததுபோல் சிரித்தார்.

"அண்ணே, மெஷினை நல்லா பராமரிச்சீங்களாண்ணே? சில பேர் தூசியும் தும்புமா போட்டு வச்சிருப்பாங்க."

திருநாவுக்கரசுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்லாவா? சாமி மாதிரி வெச்சிருந்தோம் சார். ஆயுத பூசைக்கு என் வண்டிக்குக்கூட அப்புறந்தான். மொதல்ல அதத்தான் கழுவித் தொடச்சி, சந்தனம் கொழச்சிப் பூசி, குங்குமப் பொட்டு வெச்சி, மாலை போட்டு, சூடம் காட்டுனோம். வேணும்னா போட்டோ இருக்குது, பாருங்க."

ஜெயப்பிரகாஷ் போட்டோவைப் பார்த்தார். சிரிப்பு மாறாமலேயே ஆணையர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, மனுதாரர் தரப்பே ஒப்புக்கொண்டுவிட்டது. எங்கள் பயனர் கையேடு தெளிவாகச் சொல்கிறது: இயந்திரத்தின் மேல் அந்நியப் பொருள் எதையும் பூசக் கூடாது. சந்தனம் அந்நியப் பொருள். குங்குமம் அதைவிட அந்நியப் பொருள். இவர்கள் எங்கள் கிரைண்டரை அனுமதியில்லாமல் மாற்றியமைத்திருக்கிறார்கள். விபத்து நடந்தபோது அங்கே இருந்தது மாவரசி சுப்ரீம் அல்ல. பொட்டு வைத்த வேறு ஒரு பொருள். அதை நாங்கள் தயாரிக்கவில்லை."

ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு ஆழமான சட்டப் பிரச்சினை அவர் பதவிக்காலத்தில் வந்ததே இல்லை.

"சந்தனம் ஈரமாக இருந்ததா?" என்று கேட்டார்.

"கொழச்சா ஈரமாத்தான் சார் இருக்கும்" என்றான் திருநாவுக்கரசு. அவனுக்குத் தான் எங்கே வழுக்கினோம் என்று இன்னும் புரியவில்லை.

பொன்னி எழுந்தாள். "சார், பொட்டு வெச்சது வெளிப்பக்கம். காஞ்சி உதுந்தும் போச்சி. கரண்டு உள்ளேர்ந்து வந்துது."

"உள்ளே இருந்த கரண்டை வெளியே அழைத்தது யார் என்பதுதானம்மா கேள்வி" என்றார் ஜெயப்பிரகாஷ் அன்பாக.

பொன்னி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் மேல் சந்தனப் பொட்டு. பிரிண்டர் மேல் பொட்டு. பீரோ, தண்ணீர் சுடவைக்கும் கெட்டில், மின்விசிறி ரெகுலேட்டர், ஆணையர் வாயருகே இருந்த மைக் எல்லாவற்றிலும் பொட்டு. ஆணையர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகிலும் இரண்டு இருந்தன.

"அப்ப இதெல்லாம் என்னா சார்?"

ஆணையர் மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தார். "அம்மா, அது அலுவலகப் பொட்டு. முறையாகச் சுற்றறிக்கை அனுப்பி, ஊழியர்கள் அனைவரும் சேர்ந்து, அலுவல் நேரத்துக்குப் பிறகு வைத்தது. அதையும் வீட்டுப் பொட்டையும் நீங்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது" என்று சொல்லி, வழக்கைத் தள்ளி வைத்தார்.

வேனில் திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டியதும் திருநாவுக்கரசு சொன்னான்: "நாந்தான் கெடுத்துட்டேன் பொன்னி. நல்லா வெச்சிருந்தோம்னு காட்டத்தான் சொன்னேன்."

"நீ ஏன் மாமா கெடுத்த? ஒண்ணும் சொல்லாம இருந்தா, பூசையே போடாம பொழங்குனாங்க, அதான் சாமி குத்தம்னு சொல்லியிருப்பானுவ."

அடுத்த விசாரணைக்கு அவர்கள் லூர்துசாமியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதே தெருக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் வீட்டிலும் அதே மாவரசிதான். திருநாவுக்கரசை விட அவருக்குத்தான் தைரியம் அதிகமாக இருந்தது.

"கவலப்படாத மச்சான். நாங்க வேதக்காரங்க. பொட்டுப் பேச்சே எங்கிட்ட எடுபடாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கூண்டில் ஏறி அதையே ஆணையரிடமும் சொன்னார். "எங்க வூட்லயும் தொட்டா சுர்ருனு அடிக்குதுங்க ஐயா. என் சம்சாரம் கால்ல ரப்பர் செருப்பு மாட்டிக்கிட்டு, கட்டையால தள்ளித்தான் மாவு அரைக்குது. நாங்க சந்தனம் வெக்கல, குங்குமம் வெக்கல, ஒரு மாலை போடல."

ஜெயப்பிரகாஷ் எழுந்தார். "சார், நீங்க புதுசா வீடு கட்டினீங்கன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். ஃபாதர் வந்து மந்திரிச்சாரா?"

"ஆமா."

"தீர்த்தம் தெளிச்சாரா?"

"தெளிப்பாங்க இல்ல?"

"சமையல்கட்டிலயும்?"

லூர்துசாமியின் முகம் மாறியது. "எல்லா ரூமுலயும்தான் தெளிப்பாங்க."

"தண்ணீர், ஐயா" என்றார் ஜெயப்பிரகாஷ் ஆணையரிடம். "மின்சாதனத்தின் மேல் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். கையேட்டில் தண்ணீரைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கை இருக்கிறது. மந்திரித்த தண்ணீருக்கு விதிவிலக்கு எதுவும் இல்லை."

அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டுத் தண்ணீர் ஊற்றி அரைக்கிற இயந்திரத்தின் மேல் நாலு துளி தண்ணீர் பட்டது பற்றி ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. ஆணையர் குறிப்பெடுத்தார். பிறகு தன் கருத்தைச் சொன்னார்: "ஆகவே, பக்தி உள்ள வீடுகளில் இந்தக் கருவியிலிருந்து மின்சாரம் கசிகிறது என்பது வரை தெளிவாகிறது. பக்தி இல்லாத வீட்டில் என்ன ஆகிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆணையம் எந்த முடிவுக்கும் வர முடியாது."

எனவே சிதம்பரத்தில் மாவரசி வாங்கிய ஒரு கறுப்புச் சட்டைக்காரரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அவர் வீட்டில் எதற்கும் பூசை கிடையாது, தன் கல்யாணத்துக்கே ஐயர் கிடையாது, ஆனாலும் கிரைண்டர் ஷாக் அடிக்கிறது என்று கணீரென்று சொன்னார். ஜெயப்பிரகாஷ் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எதையும் நம்பாத நீங்கள் எங்கள் பயனர் கையேட்டை மட்டும் எப்படி நம்பிப் பின்பற்றியிருப்பீர்கள்? ஆணையருக்கு அது மிகவும் நியாயமான கேள்வியாகப் பட்டது. சாட்சியம் நிராகரிக்கப்பட்டது.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அந்த வருஷத் தீபாவளிக்கு மாவரசி நிறுவனம் பழைய குக்கரைக் கொடுத்துவிட்டுப் புது கிரைண்டர் எடுத்துப் போகும் சலுகை அறிவித்தது. கீரப்பாளையம் கடைத்தெருவிலேயே பந்தல் போட்டு விற்றார்கள். பொன்னி பந்தலுக்கு எதிரில் போய் நின்று, "வாங்காதீங்கடி, என் கையப் பாருங்கடி" என்று மடங்காத கையைத் தூக்கிக் காட்டினாள். கையைப் பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். பிறகு உள்ளே போய் வாங்கினார்கள். 'ஆணையத்தில் வழக்கு நிரூபிக்கப்படாத ஒரே கிரைண்டர்' என்று பந்தலில் எழுதிப் போட்டிருந்தது.

பொன்னி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "கோர்ட்டுல ஜெயிக்கறதுக்குள்ள ஊருல பாதி வூட்டுக்குப் பூந்துடும் மாமா" என்றாள்.

அடுத்த வாய்தாவுக்கு ஆணையர் ஒரு புது யோசனையோடு வந்தார். கிரைண்டரையே கொண்டுவரச் சொன்னார். அதை ஓடவிட்டு, அது ஷாக் அடிப்பதை ஆணையம் நேரில் பார்க்க வேண்டும். திருநாவுக்கரசும் லூர்துசாமியும் மாடிப்படியில் மூச்சு முட்டத் தூக்கி வந்து வைத்தார்கள். ப்ளக் மாட்டி ஓடவிட்டார்கள். எல்லோரும் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"யாராவது தொட வேண்டுமே" என்றார் ஆணையர்.

யாரும் நகரவில்லை. ஆணையரின் பார்வை சுற்றி வந்து பொன்னியிடம் நின்றது. "மனுதாரர்தான் இதில் முன் அனுபவம் உள்ளவர்."

திருநாவுக்கரசு குதித்து எழுந்தான். பொன்னி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"தொடுறேன் சார். எனக்கு நல்லா இருக்கறது இந்த எடது கை ஒண்ணுதான். இதுவும் பூட்டுதுன்னா நாங்கதான் பொறுப்புன்னு நீங்க எழுதிக் குடுங்க."

ஆணையர் அதிர்ச்சியடைந்தார். "அம்மா, பொறுப்பை நிர்ணயிப்பதுதான் இந்த ஆணையத்தின் வேலை. பொறுப்பை ஏற்பது எங்கள் அதிகார வரம்பிலேயே வராது."

அதற்குள் லூர்துசாமி பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கிரைண்டரின் விளிம்பில் வைத்துவிட்டார். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. எழுத்தர்கூட "அடடா" என்றார்.

ஜெயப்பிரகாஷ் பதறவில்லை. "இந்த டெஸ்டர் எங்கே வாங்கினது சார்?"

"சிதம்பரம் பஸ் ஸ்டாண்டாண்ட."

"அதுல குறை இல்லைன்னு யார் சான்று கொடுத்தது? ஐயா, ஒரு பொருளில் குறை இருக்கிறது என்று இன்னொரு பொருள் சொல்கிறது. முதலில் அந்த இன்னொரு பொருளில் குறை இல்லை என்று நிரூபிக்கட்டும். அதற்கு ஒரு மூன்றாவது பொருள் வேண்டும்."

டெஸ்டர் சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொள்ளாத சாட்சி என்று ஆணையர் தீர்மானித்தார். ஆனால் அந்த விளக்கு எரிந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பார்த்ததைப் பார்க்காததாக ஆக்குவதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். அதனால் தொழிற்சாலையையே நேரில் ஆய்வு செய்வது என்று முடிவாயிற்று.

ஆய்வு நாளன்று சிப்காட் தொழிற்பேட்டையில் காற்று வழக்கம்போல் மூக்கை எரித்தது. மாவரசி தொழிற்சாலை வாசலில் ஆணையருக்குச் சந்தன மாலை போட்டார்கள். நெற்றியிலும் சந்தனம் வைத்தார்கள், அதை அவர் அந்நியப் பொருளாகக் கருதவில்லை. தயாரிப்புப் பொறியாளர் செந்தமிழ்செல்வன் எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனார். வெள்ளந்தியான மனிதர், தன் வேலையில் பெருமை உள்ளவர். எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொன்னார்.

"இதுதான் சார் தரக்கட்டுப்பாடு" என்று ஒரு மேசையைக் காட்டினார். மேசையில் 'பரிசோதிக்கப்பட்டது' என்ற ஸ்டிக்கர் சுருள் சுருளாக இருந்தது. ஒரு பெண் வேகவேகமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். "எங்க கம்பெனி ஸ்டிக்கர் ஒருநாளும் உரிஞ்சி வராது சார். இந்தப் பசைக்காகவே நாங்க அவார்டு வாங்கியிருக்கோம்."

"பரிசோதனை எங்கே நடக்கிறது?" என்றார் ஆணையர்.

"ஸ்டிக்கர் சரியா ஒட்டியிருக்கான்னு அந்தக் கடைசியில பரிசோதிக்கிறாங்க சார்."

அந்தக் கடைசியில் இன்னொரு பெண் ஒரு தட்டோடு நின்றாள். தட்டில் குழைத்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு கிரைண்டரின் அடியிலும் அவள் ஒரு பொட்டு வைத்து அனுப்பினாள்.

பொன்னி நின்றுவிட்டாள். "சார், இங்க பாருங்க. இவுங்களே வெக்கிறாங்க."

"முதலாளியம்மா வேண்டுதல்" என்றார் செந்தமிழ்செல்வன் பெருமையோடு. "பொட்டு இல்லாம ஒரு பீஸ்கூட கேட்டைத் தாண்டாது."

ஜெயப்பிரகாஷ் முதல் முறையாக வாட்சைப் பார்த்தார். பிறகு நிறுவனம் வைப்பது தயாரிப்பு நடைமுறை என்றும், வாடிக்கையாளர் வைப்பது மாற்றியமைத்தல் என்றும், இரண்டு பொட்டும் சேர்ந்து வேலை செய்ததா என்று வல்லுநர் குழு ஆராய வேண்டும் என்றும் சொன்னார். ஆணையர் அதை எழுதிக்கொண்டார். அப்போது லூர்துசாமி, கோத்து வைத்திருந்த ஒரு கிரைண்டர் ஒயரை எடுத்து வெட்டுப்பட்ட முனையைப் பார்த்தார்.

"ஏங்க, ப்ளக்குல மூணு முள்ளு இருக்குது. ஒயருல ரெண்டுதான இருக்குது? கசியற கரண்ட மண்ணுல எறக்கி வுடுற எர்த் ஒயரு எங்க?"

"அது இல்லீங்க" என்றார் செந்தமிழ்செல்வன்.

"இல்லன்னா?"

"அந்த மூணாவது முள்ளு தோற்றத்துக்கு. மொதல்ல நாங்க ரெண்டு முள்ளு வச்சித்தான் போட்டோம். மூணு முள்ளு இருந்தாத்தான் பாதுகாப்புன்னு ஜனங்க வாங்க யோசிச்சாங்க. வாடிக்கையாளர் விருப்பத்துக்கு மதிப்புக் குடுக்கணும் இல்லீங்களா? அதனால மூணாக்கிட்டோம். உள்ளார ஒயர் வேணும்னு யாரும் கேக்கல."

தன் விரல்களை மடங்காமல் செய்தது ஒரு ஒயர் என்று பொன்னி இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். அது இல்லாத ஒரு ஒயர் என்பது இப்போதுதான் தெரிந்தது. அதை வைப்பதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வருகிறது, ஆனால் அச்சில் போட முடியாது.

"இத எழுதிக்குங்க சார்" என்றாள் ஆணையரிடம். "இத்த மட்டும் எழுதிக்குங்க."

"எல்லாம் கவனத்தில் இருக்கிறதம்மா" என்றார் ஆணையர். பிரியாணி ஆறிக்கொண்டிருப்பதாக வந்து சொன்னார்கள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

தீர்ப்பு நாளன்று ஆணையர் புது சால்வை போட்டு வந்தார். உட்காரும் முன்பே இது வரலாற்றுச் சிறப்பு மிக்க நாள் என்றார். பிறகு வாசித்தார்.

"மூன்றாவது முள் இருக்கும் என்று நிறுவனம் விளம்பரத்தில் வாக்களித்தது. முள் இருக்கிறது. மூன்றாவது ஒயர் இருக்கும் என்று எங்கும் வாக்களிக்கவில்லை. ஆகவே வாக்குறுதி மீறப்படவில்லை. மனுதாரரின் வலது கை சேதமடைந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கை எதிர்மனுதாரர் நிறுவனத்தின் தயாரிப்பு அல்ல. தான் தயாரிக்காத ஒன்றின் பழுதுக்கு ஒரு நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது. விற்பனையை நிறுத்தக் கோருவது, இதுவரை பாதிக்கப்படாத வாடிக்கையாளர்களின் வாங்கும் உரிமையில் தலையிடுவதாகும். இருப்பினும் மனிதாபிமான அடிப்படையில், மனுதாரரின் பழைய கிரைண்டரை எடுத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த புத்தம் புதிய கிரைண்டர் ஒன்றை நிறுவனம் அவர் வீட்டிலேயே கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிடுகிறேன்."

ஜெயப்பிரகாஷ் வந்து திருநாவுக்கரசின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜெயிச்சிட்டீங்கண்ணே."

"எனக்கு வேணாம் சார் அது" என்றாள் பொன்னி. "அதே மெசினா? எனக்கு வேணாம்."

"உத்தரவை ஏற்க மறுப்பது அவமதிப்பாகும் அம்மா" என்றார் ஆணையர். "இந்த ஆணையம் வழங்கும் முதல் நிவாரணம் இது. அதைப் பற்றி இப்படிப் பேசக் கூடாது."

முதல் நிவாரணம் என்பதால் ஒப்படைக்க ஆணையரே கீரப்பாளையம் வந்தார். தெருவில் ஷாமியானா போட்டார்கள். ஒலிபெருக்கியும் போட்டோகிராபரும் வந்தார்கள். கிரைண்டரை மேசைமேல் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்க, மாவரசி வாங்கி மகிழ்ச்சியாக இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். எதிர்வீட்டு ஞானாம்பாள் வந்து நின்றாள். தீபாவளிப் பந்தலில் வாங்கியவள் அவள்.

"மாவு ஆட்டப் போட்டுட்டு அப்புடியே ஓடியாந்தேன்" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். "எம் பொண்ணு இலக்கியா பாத்துக்குறா. சீக்கிரம் போட்டோ எடுத்தாங்கன்னா தேவல."

ஆணையர் பேசினார். தொழிலும் நுகர்வோரும் இரண்டு கண்கள் என்றார். ஒரு கண்ணுக்கு மருந்து போடும்போது இன்னொரு கண்ணில் நீர் வராமல் பார்த்துக்கொள்வதே நீதி என்றார். கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். பொன்னி வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த போட்டோகிராபர், கொஞ்சம் சிரிக்கும்படி ஜாடை காட்டினார்.

"இப்போது கருவியை இயக்கிக் காட்டி, நன்றாக வேலை செய்கிறது என்று மனுதாரரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும்" என்று எழுத்தர் மைக்கில் சொன்னார்.

வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ப்ளக்கை மாட்டினார்கள். கிரைண்டருக்குள் அரிசியும் தண்ணீரும் போட்டார்கள். ஸ்விட்சைப் போட்டதும் கல் சுற்ற ஆரம்பித்தது. விளிம்பில் ஒட்டிய அரிசியைக் கையால் தள்ளிவிட வேண்டும். பொன்னி ஆணையரைப் பார்த்தாள்.

"நீங்க தள்ளுங்க சார்."

ஆணையர் ஜெயப்பிரகாஷைப் பார்த்தார். ஜெயப்பிரகாஷ், தான் சட்டம் படித்தவன், மாவு அரைத்துப் பழக்கம் இல்லை என்றார். இரண்டு பேரும் செந்தமிழ்செல்வனைப் பார்த்தார்கள். அவருக்கு அதில் எந்தத் தயக்கமும் இல்லை. இது அவர் தினமும் செய்கிற வேலை. தோள்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து முழங்கை வரைக்கும் வரும் தடித்த ரப்பர் கையுறை இரண்டை எடுத்தார், கரண்ட் ஆபீஸ்காரர்கள் கம்பத்தில் ஏறும்போது போடுவது போன்றவை. விரல் விரலாக இழுத்து நிதானமாக மாட்டிக்கொண்டார். மேசைக்கு முன்னால் ஒரு ரப்பர் பாயை விரித்து அதன்மேல் ஏறி நின்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் புன்னகையோடு அரிசியைத் தள்ளிவிட்டார்.

"பாத்தீங்களா? எவ்வளவு ஸ்மூத்தா ஓடுது!"

பொன்னி படியிலிருந்து இறங்கி மேசை அருகில் வந்தாள். அந்தக் கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கிளவுசு பெட்டியோட வருதா தம்பி?"

"இல்லம்மா" என்றார் செந்தமிழ்செல்வன். "இது ஸ்டாஃபுக்கு மட்டுந்தான்."

பேனர் கீழே விழுந்தது. ஞானாம்பாள் ஷாமியானாக் கயிறு தடுக்கி விழுந்து, எழுந்து, புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்து ஓடினாள்.

"இலக்கியா! கைய எடுடீ! மாவத் தொடாத... கைய எடுடீ!"